வெடி கொளுத்த ஒரு நேரம் வேண்டும்

கொழும்பில் வாழும் எமக்கு வெடிச் சத்தம் கேட்காத மாதம் இல்லை என்றே சொல்லலாம். தைப்பொங்கல், சித்திரைப் புதுவருடம், தீபாவளி, நத்தார், ஆங்கிலப் புதுவருடம் என்பன நாட்காட்டியில் உள்ளவை. அவற்றுக்காவது மனதை ஆயத்தப்படுத்திக் கொள்ளலாம். ஆனால் இலங்கை அணி கிரிக்கெட்டில் வென்றால் வெடி, தேர்தல் முடிவு வந்தால் வெடி, ஒருவர் பதவியேற்றால் வெடி, கலியாண மாப்பிள்ளை வந்து இறங்கினால் வெடி, கோயில் தேர் அசைந்தால் வெடி. இவற்றுக்கு நாளும் இல்லை, நேரமும் இல்லை.

பலருக்கு இது சின்ன விடயம். "ஐந்து நிமிடச் சந்தோசம், இதற்கும் சட்டமா?" என்று கேட்பார்கள். இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் சகோதரிகள் பலர் அப்படிக் கேட்க மாட்டார்கள். ஷெல் எந்தத் திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு தூரத்தில் விழும் என்று காதால் அளந்து பழகியவர்கள் நாம். தனிப்பட்டவர்கள் வெடி கொளுத்துவதற்குக் கட்டுப்பாடு வேண்டுமா, வேண்டுமென்றால் எப்படிப்பட்ட கட்டுப்பாடு என்பதைப் பற்றி என் மனதில் உள்ளதை உங்களோடு பகிர்ந்து கொள்ள விரும்புகிறேன்.

நான் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டு, பல இடம் அலைந்து, இறுதியில் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தவள். தையல் வேலை செய்கிறேன். என் சின்னம்மா 2009 மே வரை வன்னியில் இருந்தார். செட்டிக்குளம் முகாமிலிருந்து வெளியே வந்த பின் எங்களோடுதான் இருக்கிறார். இறுதி யுத்தத்தில் இரண்டு பிள்ளைகளை இழந்தவர்.

மார்கழி 31ஆம் திகதி இரவு பன்னிரண்டு மணிக்கு எங்கள் தொடர்மாடியைச் சுற்றி வெடி தொடங்கும்போது சின்னம்மா கட்டிலில் இருக்க மாட்டார். குசினிக்குள் குளிர்சாதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் உள்ள சிறிய இடைவெளியில் குந்தியிருப்பார். யன்னல் இல்லாத பக்கம் அதுதான். "பிள்ளையள் எல்லாரும் உள்ளுக்க வந்திட்டினமே?" என்று கேட்பார். நான் பக்கத்தில் இருந்து, "வெடிதான் சின்னம்மா, புதுவருசம் பிறந்திட்டுது" என்று சொல்வேன். "தெரியுது பிள்ளை. ஆனா கால் நிக்குதில்லை" என்பார்.

அவர் சொல்வது உண்மை. திடீர்ச் சத்தம் காதில் விழுந்ததும், அது என்னவென்று அறிவு ஆராய்ந்து முடிப்பதற்குள் உடல் முந்திக் கொள்கிறது. இதயம் படபடக்கிறது, தசைகள் இறுகுகின்றன, மூச்சு வாங்குகிறது. எல்லா மனிதருக்கும் உள்ள இயல்புதான் இது. ஆபத்தின் நடுவே நீண்ட காலம் வாழ்ந்தவர்களுக்கு அந்த இயல்பு தணியாமல் விழித்தபடியே இருந்து விடுகிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் எமது மக்களின் மனவடுக்களைப் பற்றி ஆண்டுக்கணக்காக எழுதி வந்திருக்கிறார்கள். எனவே வெடிச் சத்தத்துக்கு நடுங்குபவரைக் கோழை என்றோ, "இன்னும் அதையே நினைச்சுக் கொண்டிருக்கிறியள்" என்றோ சொல்வது அறியாமையாகும். சத்தம் மாத்திரமல்ல, மணமும் அப்படித்தான். வெடிக்குள் இருப்பதும் கந்தகமும் கரியும் வெடியுப்பும் கலந்த வெடிமருந்துதானே. அந்தப் புகை யன்னல் வழியாக வீட்டுக்குள் வந்தால், அன்றிரவு எங்கள் வீட்டில் நித்திரை இல்லை.

இன்னொன்றையும் நான் கவனித்திருக்கிறேன். முன்கூட்டியே தெரிந்த சத்தம் சின்னம்மாவை அவ்வளவாக வருத்துவதில்லை. மயூரபதி அம்மன் கோயில் பக்கம் திருவிழா என்று காலையிலேயே சொல்லி வைத்தால், காதில் பஞ்சை வைத்துக் கொண்டு என் மகளோடு இருந்து விடுவார். எதிர்பாராத நேரத்தில், யன்னலுக்கு அருகில் வெடிப்பதுதான் அவரை வீழ்த்துகிறது.

வெற்றி வெடி

கொழும்புத் தமிழருக்கு வெடியைப் பற்றி வேறொரு நினைவும் உண்டு. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி கைப்பற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது கொழும்பு வீதிகளில் வெடி கொளுத்தினார்கள். மே 18, 19ஆம் திகதிகளில் அது பல மடங்காக இருந்தது. அப்போது சின்னம்மாவும் பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்களா என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் ஒழுங்கை முகப்பில் நீளமான வெடிக்கட்டுகள் தொங்கின. பாற்சோறும் கொண்டு வந்து தந்தார்கள். நான் இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்காமல் இருக்கக் கூடிய நாள் அல்ல அது. கதவைச் சாத்திவிட்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

தந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. குண்டு வெடிப்புகளுக்குப் பயந்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு நெஞ்சைப் பிடித்துக் கொண்டிருந்த தாய்மார் அவர்களிடையேயும் இருந்தார்கள். ஆனால் வெடி என்பது எப்போதும் வெறும் பிள்ளை விளையாட்டாக இருப்பதில்லை. ஒரு சாராரின் மகிழ்ச்சியை மறு சாராரின் வீட்டு வாசலில் அறிவிக்கும் பேச்சாகவும் அது ஆகிவிடுகிறது.

சத்தத்தைப் பற்றிய பிணக்கு கொழும்புக்குப் புதிதும் அல்ல. 1883 மார்ச் 25ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று, கொட்டாஞ்சேனையில் மேளதாளத்தோடு சென்ற பௌத்த ஊர்வலத்தின் போது கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்கும் இடையே பெரும் மோதல் மூண்டது. யார், எங்கே, எந்த நேரத்தில் சத்தம் எழுப்பலாம் என்ற கேள்வி அன்றே எழுந்து விட்டது.

அதே கொட்டாஞ்சேனையில் 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, மீண்டும் ஒரு உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை புனித அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. மறுநாள் தேவாலயத்துக்கு அருகே வாகனமொன்றில் இருந்த குண்டைச் செயலிழக்கச் செய்ய முயன்றபோது அதுவும் வெடித்தது. ஜம்பட்டா வீதியில் வசிக்கும் என் தோழி யுத்தத்தை நேரில் கண்டவள் அல்ல. கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவள். இப்போது அவளும் நத்தார் இரவில் வெடி கேட்டால் பிள்ளைகளை இழுத்துக் கொண்டு உள் அறைக்குப் போகிறாள்.

எங்கள் தொடர்மாடியில் மேல் வீட்டில் இருக்கும் சிங்களப் பெண்மணியிடம் ஒரு முறை சின்னம்மாவின் நிலையைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நங்கி, என் மகனும் அப்படித்தான். புதுவருடம் வந்தால் அநுராதபுரத்தில் வயலுக்குள் இருக்கும் என் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவான்" என்றார். மகன் இராணுவத்தில் இருந்து காயப்பட்டு வந்தவர். ஒரே கூரையின் கீழ் பத்து வருடமாக இருந்தும் இருவருக்கும் இது தெரியாமல் இருந்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு

அப்படியானால் வெடியை முற்றாகத் தடை செய்து விடலாமா? இதை அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது என்றே எண்ணுகிறேன்.

முதலாவது, பிள்ளைகள். எனது மகள் யுத்தம் முடிந்த பின் பிறந்தவள். அவளுக்கு வெடி என்றால் தீபாவளி, புதுச்சட்டை, பலகாரம். என் சின்ன வயதில் ஈர்க்கு வாணமும் பூந்திரியும் எனக்குத் தந்த சந்தோசத்தை அவளுக்கு இல்லையென்று சொல்ல மனம் வரவில்லை. எங்கள் பயத்தையே பிள்ளைகளுக்கு முதுசமாகக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது, பிழைப்பு. நீர்கொழும்புக்கு அருகே கிம்புலாப்பிட்டியவில் பட்டாசு செய்வது குடிசைக் கைத்தொழில். தமிழ்நாட்டுச் சிவகாசியில் பட்டாசு ஆலைகளில் உழைப்பவர்களில் பெரும் பங்கினர் பெண்கள். பண்டிகைக் காலத்தில் நடைபாதையில் வெடிக்கட்டு விற்று, அந்த இலாபத்தில் பிள்ளைகளுக்குப் பாடசாலைச் சப்பாத்து வாங்கும் பெண்களும் நம்மிடையே இருக்கிறார்கள். உற்பத்தி நிலையங்களில் விபத்து நேர்ந்து உயிர் போவதும் இந்த ஏழைகளுக்குத்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது, தடை என்ற சொல்லே எமக்குக் கசப்பானது. தடைச் சட்டங்களின் பாரத்தைச் சுமந்தவர்கள் நாம். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட இடங்களில் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியதை யார் மறப்பார்? மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. ஆகவே வெடிக்குச் சட்டம் வந்தால், அது தீபாவளிக்கு மட்டும் இறுக்கமாகவும் தேர்தல் வெற்றிக்குத் தளர்வாகவும் இருந்து விடுமோ என்ற அச்சம் நியாயமானதே. எல்லோருக்கும் ஒன்றாக இல்லாத கட்டுப்பாடு எமக்கு வேண்டாம்.

மற்ற நாடுகளில்

முற்றாகத் தடை, முற்றாகச் சுதந்திரம் என்ற இரண்டுக்கும் இடையே பல வழிகள் உண்டு என்பதை ஏனைய நாடுகளின் அனுபவம் காட்டுகிறது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2005ஆம் ஆண்டு, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை சத்தமிடும் பட்டாசுகளை வெடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2018இல் தீபாவளியன்று இரண்டு மணி நேரம் மாத்திரமே அனுமதி என்று மேலும் இறுக்கியது. தமிழ்நாட்டில் விடியற்காலை எண்ணெய் தேய்த்து முழுகித் தீபாவளி கொண்டாடும் வழக்கம் இருப்பதால், அங்கு காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் என்று பிரித்துக் கொண்டார்கள்.

இங்கிலாந்தில் இரவு 11 மணிக்குப் பின் காலை 7 மணி வரை வெடி கொளுத்த முடியாது. ஆனால் தீபாவளி இரவில் 1 மணி வரை சலுகை உண்டு. சிறுபான்மையினரின் பண்டிகையைச் சட்டமே மதித்து இடம் கொடுத்திருக்கிறது. கனடாவில் நம்மவர்களும் வட இந்தியர்களும் நிறைந்து வாழும் பிரம்டன் நகரமோ 2022இல் தனியார் வெடி கொளுத்துவதை நிறுத்தி விட்டது. நெதர்லாந்திலும் 2025இல் நாடாளுமன்றத்தின் இரு சபைகளும், சிறு மத்தாப்புகள் நீங்கலாக, பொதுமக்கள் வெடி கொளுத்துவதைத் தடை செய்ய ஒப்புதல் அளித்தன.

எமக்கு நெருங்கிய உதாரணம் வட அயர்லாந்து. உள்நாட்டு மோதல் நடந்த காலத்தில், 1970கள் தொடக்கம் 1996 வரை அங்கு பொதுமக்கள் வெடி கொளுத்தத் தடை இருந்தது. அது நீங்கிய பிறகும், சிறு மத்தாப்பு தவிர்ந்த வெடிகளை அனுமதிப்பத்திரம் பெற்றே வாங்க வேண்டும் என்ற முறை வந்தது. குண்டுச் சத்தத்தை அறிந்த மண், வெடியை மற்ற ஊர்களைப் போல் இலேசாக எடுத்துக் கொள்ளவில்லை.

எமது நாட்டிலும் அடித்தளம் இல்லாமல் இல்லை. 1956ஆம் ஆண்டின் வெடிபொருட்கள் சட்டத்தின் கீழ் பட்டாசு உற்பத்திக்கும் விற்பனைக்கும் அனுமதி பெற வேண்டும். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம், வெலிகமப் பள்ளிவாசல் ஒன்று தொடர்பான வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிகளுக்கு அனுமதி வழங்கலாகாது என்ற பொது விதியை எல்லா மதத்தவருக்குமாக வகுத்தது. விரும்பாதவரைச் சத்தத்துக்குக் கைதியாக்கக் கூடாது என்பதே அதன் சாரம். ஒலிபெருக்கிக்குப் பொருந்தும் நியாயம் வெடிக்கும் பொருந்தும் அல்லவா?

நாம் கேட்பது

என் எண்ணத்தில் உள்ளவை இவைதான். பண்டிகை நாட்களில், எல்லா இனத்தவருக்கும் மதத்தவருக்கும் சமமாக, அறிவிக்கப்பட்ட குறுகிய நேரம் ஒன்று இருக்கட்டும். நள்ளிரவுப் புதுவருடத்துக்குப் பதினைந்து நிமிடம் போதும். பெருஞ்சத்தம் எழுப்பும் வெடிகள் குடிமனைகளுக்குள் வேண்டாம். மத்தாப்பு, பூந்திரி, சக்கரம் ஆகியன பிள்ளைகளுக்கு இருக்கட்டும். வைத்தியசாலைகள், முதியோர் இல்லங்கள் அருகே அறவே வேண்டாம். தேர்தல் வெற்றிக்கும் பதவியேற்புக்கும் வீதியில் வெடி கொளுத்துவதை அரசியல் கட்சிகள் தாமாகவே கைவிட வேண்டும். காட்டோரக் கிராமங்களில் யானையை விரட்டக் கமக்காரருக்குக் கொடுக்கப்படும் யானை வெடி வேறு விடயம். அது உயிரையும் பயிரையும் காப்பதற்கானது.

சட்டம் வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. நானும் மேல் வீட்டு அக்காவும் சேர்ந்து எங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழுவுக்குச் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு கடிதம் எழுதினோம். பதினொரு வீட்டார் கையெழுத்து வைத்தனர். மூன்று வீட்டார் மறுத்தனர். கடந்த இரு வருடங்களாக அறிவித்தல் பலகையில் நேரம் எழுதிப் போடுகிறார்கள். பெரிய வெடிகளைக் கடற்கரைப் பக்கம் கொண்டு போய்க் கொளுத்துகிறார்கள். மறுத்த மூன்று வீட்டாரில் ஒருவர் இப்போது முதல் நாளே வந்து கதவைத் தட்டி, "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு, ஒரு கட்டு மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போகிறார். மற்ற இருவர் இன்னும் மாறவில்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் அயலிலும் வெடிச் சத்தத்துக்கு ஒடுங்கிப் போகும் ஒருவர் இருக்கக் கூடும். அவர் அதை வெளியில் சொல்ல வெட்கப்படலாம். நீங்கள் அயலவரிடம் சொல்லுங்கள். கோபமாக அல்ல, காரணத்தோடு சொல்லுங்கள். முதலில் நம் வீட்டுக் கலியாணத்துக்கும் நம் கோயில் திருவிழாவுக்கும் அக்கம்பக்கத்தாரிடம் நேரத்தை அறிவித்துத் தொடங்குவோம். நாமே செய்து காட்டிய பின் மற்றவரிடம் கேட்கும்போது, அந்தக் கேள்விக்கு ஒரு வலு இருக்கும்.