கிடாருக்கு ஆம்ப்: வீட்டு அறையும் கொடை மேடையும்

எலக்ட்ரிக் கிடாரின் பிக்கப்பிலிருந்து வரும் மின்சைகை மிகச் சிறியது. அதைப் பெரிதாக்குவதோடு ஆம்பின் வேலை முடிவதில்லை. அதன் முன்பகுதியும் ஸ்பீக்கரும் சேர்ந்துதான் கிடாரின் குரலைத் தீர்மானிக்கின்றன. கிடார் ஆம்பில் உள்ள 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கரின் ஒலியளவு சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக இறங்கிவிடும். கரகரப்பான டிஸ்டார்ஷன் ஒலி காதுக்கு இதமாக இருப்பதற்கு இதுவே காரணம். அந்த டிஸ்டார்ஷனைத் தரும் பெடலை நேராக மைக் செட் மிக்சரில் செருகி, கோயில் வாசலில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியே விட்டால், வடிகட்டப்படாத மேல் அதிர்வெண்கள் எல்லாம் வெளியே வந்து கொசு ரீங்காரம்போல் அறுக்கும். கிடாரை மிக்சரில் போட்டால் போதும், ஆம்ப் எதற்கு என்று கேட்கும் விழாக் குழுவினருக்கு இதுதான் பதில்.

புளியங்குடி போன்ற ஊரில் ஒரே ஆம்ப் இரண்டு வேலை செய்ய வேண்டியிருக்கிறது. பகலிலோ இரவிலோ பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் பதிவு. பிறகு அம்மன் கோயில் கொடை, கல்யாண மண்டப வரவேற்பு, சர்ச் ஆராதனை, சீசன் மாதங்களில் குற்றாலத்துப் பக்கம் நடக்கும் சின்ன நிகழ்ச்சிகள். மதுரை–தென்காசி சாலையில் பஸ்ஸிலோ லோடு ஆட்டோவிலோ ஏற்றி இறக்கும் பொருள் அது. மாநகரத்து ஸ்டுடியோக்காரருக்கு எழுதப்பட்ட பரிந்துரைகள் இங்கே பாதிதான் பொருந்தும்.

வாங்குபவர் முதலில் பார்ப்பது வாட். பெரும்பாலும் தவறாகப் பார்க்கப்படுவதும் அதுவே. 50 வாட் ஆம்ப், 25 வாட் ஆம்பைவிட 3 டெசிபெல்தான் கூடுதல். காதுக்கு அது சிறிய ஏற்றம். சத்தம் இரு மடங்காகத் தோன்ற ஏறத்தாழ பத்து மடங்கு வாட் தேவை. வழக்கமான 12 அங்குல கிடார் ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தூரத்தில் 97 முதல் 100 டெசிபெல் வரை தரும். அப்படியானால் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு கொடுத்தாலே 68 டெசிபெல் வந்துவிடும். அது சாதாரணப் பேச்சைவிட அதிகம். வீட்டில் புழங்குவது மில்லிவாட் கணக்குத்தான். மேடைக்கோ 30 முதல் 50 வாட் இருந்தால், டிரம்ஸ் அல்லது ரிதம் பேடுக்கு நடுவே கிடார்காரர் தன் வாசிப்பைத் தானே கேட்க முடியும். கூட்டத்துக்குக் கேட்கச் செய்வது மைக் செட்டின் பொறுப்பு. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபெல் குறைகிறது. எந்தக் கிடார் ஆம்பும் தெருக்கோடி வரை தனியாகப் போய்ச் சேராது. ஆகவே 100 வாட்டுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இந்த ஊர் மேடைகளில் வீண்.

வகை என்று பார்த்தால் மூன்று. வால்வு ஆம்ப்பின் அழகு, அதன் பவர் வால்வுகள் திணறும் அளவுக்குச் சத்தம் ஏற்றும்போதுதான் முழுமையாக வெளிப்படும். 15 வாட் வால்வு ஆம்பைக்கூட வீட்டில் அந்த அளவுக்கு ஏற்றினால் பக்கத்து வீட்டார் வந்து நிற்பார்கள். வால்வு ரேடியோ பழுது பார்த்த தலைமுறை அநேகமாக ஓய்ந்துவிட்டது. வால்வு மாற்றி பயாஸ் சரிசெய்ய ஆளைத் தேடிப் பெருநகரம் போக வேண்டியிருக்கும். டிரான்சிஸ்டர் ஆம்ப் உழைப்பாளி. 1975-இல் வந்த ரோலண்ட் ஜேசி-120 அந்த வகையின் உச்சம். தெளிந்த ஒலிக்கு இன்றும் அதை உதாரணம் காட்டுவார்கள். ஆனால் எடை 28 கிலோ. பஸ் கண்டக்டரிடம் கெஞ்சி ஏற்றும் சாமான் அல்ல.

மூன்றாவது, கணினிச் சில்லு கொண்டு பல ஆம்ப்களின் குணத்தைப் பாவிக்கும் மாடலிங் ஆம்ப். 2016-இல் வந்த பாஸ் கட்டானா வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 50 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், கூடவே அரை வாட்டுக்கு இறக்கும் சுவிட்ச், கணினியில் நேரடியாகப் பதிய யூஎஸ்பி, எடை 12 கிலோவுக்குள். தூய்மைவாதிகள் வால்வின் உயிர் இதில் இல்லை என்பார்கள். தனியறையில் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த வேறுபாடு புலப்படும். கீபோர்டு, தபலா, டிரம்ஸ், இரண்டு பாடகர்கள் சேர்ந்த மெல்லிசை மேடையில் அது கரைந்துவிடும். யமஹா டிஹெச்ஆர் போன்ற சிறு மேசை ஆம்ப்கள் பதிவுக்கு மிக இனியவை. ஆனால் டிரம்ஸ் இருக்கும் மேடையில் கிடார்காரரின் காதுக்கே எட்டாது.

பதிவில் ஆம்ப் பாதி, அறை பாதி. சிமெண்டுப் பூச்சுச் சுவரும் கான்கிரீட் கூரையும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. பத்தடி அகலமுள்ள அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 56 ஹெர்ட்ஸ் அளவிலும் அதன் இரட்டிப்பான 112 ஹெர்ட்ஸ் அளவிலும் ஒலி தேங்கும். கிடாரின் ஐந்தாம் கம்பி 110 ஹெர்ட்ஸ். அதனால்தான் அந்தக் கம்பியை மீட்டும்போது மட்டும் அறை குமுறுகிறது. வாசிப்பவர் கிடாரைக் குறை சொல்கிறார். ஆம்பைத் தரையிலிருந்து தூக்கி ஸ்டூலில் வைத்து, சுவரைவிட்டு நகர்த்தி, மூலையைத் தவிர்த்தால் குமுறல் தணியும். பின்னால் ஒரு மெத்தையைச் சாய்த்து, எதிர்ச் சுவரில் கனத்த ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டால் மேல் ஸ்தாயியின் எதிரொலியும் அடங்கும். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். சித்திரை மாதத்தில் அதற்கு மன உறுதி வேண்டும்.

மைக் வைத்துப் பதிவதானால் 1965 முதல் விற்பனையில் உள்ள ஷூர் எஸ்எம்57 போதும். துணித் திரையை ஒட்டினாற்போல் வைத்து, கூம்பின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல நகர்த்த வேண்டும். நடுவில் கூர்மை, ஓரத்தில் மென்மை. ஒரு அங்குல நகர்வு, ஆம்பின் டிரெபிள் குமிழைத் திருப்புவதைவிட அதிக மாற்றம் தரும். குழந்தை உறங்கும் வீட்டில் இதெல்லாம் நடக்காது. அங்கே யூஎஸ்பியும் ஹெட்போனுமே வழி. அதற்கு ஆம்பில் ஸ்பீக்கர் பாவனை சேர்ந்த வெளியீடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் ஸ்பீக்கரில் கேட்ட அதே ரீங்காரம் பதிவிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிற்பாடு திருத்த வசதியாக, ஆம்ப் குணம் ஏறாத வெறும் கிடார்ச் சைகையையும் தனித் தடத்தில் பதிந்து வைப்பது நல்லது.

வீட்டில் அமைத்த ஒலியை அப்படியே மேடைக்குக் கொண்டுபோவது பலரும் படும் அவதி. குறைந்த சத்தத்தில் மனிதக் காது அடியொலியையும் உச்சவொலியையும் சரியாக வாங்காது. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே இதை வரைபடமாக்கினர். அறையில் பேஸைக் கூட்டி இனிமையாக்கியது, மேடைச் சத்தத்தில் மொத்தையாகிவிடும். மேடைக்குத் தனி அமைப்பு வேண்டும். பேஸைக் குறைத்து, நடு அதிர்வெண்ணைச் சற்றே உயர்த்தினால் கிடார் குரலுக்கும் கீபோர்டுக்கும் இடையில் தனக்கென்று இடம் பிடிக்கும்.

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் ஆம்பின் ஒலியை ஒப்படைப்பதற்கு இரண்டு வழி: முன்னால் மைக், அல்லது லைன் வெளியீட்டிலிருந்து டிஐ பாக்ஸ். மிக்சர் பந்தலின் மறுகோடியில் இருக்கும். சாதாரணக் கிடார் வயர் ஆறு மீட்டரைத் தாண்டினால் கூர்மை மங்கி இரைச்சல் சேரும். டிஐ பாக்ஸ் சைகையை மைக் வயரில் அனுப்பக்கூடியதாக மாற்றுகிறது. 30 மீட்டர் ஓடினாலும் கெடாது. அதில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச், ஆம்பும் மிக்சரும் வெவ்வேறு எர்த்தில் இருக்கும்போது எழும் 50 ஹெர்ட்ஸ் முனகலை அறுத்துவிடும்.

எர்த் விஷயத்தில் மட்டும் எந்தச் சமாதானமும் கூடாது. ஜெனரேட்டர், சீரியல் செட், டியூப் லைட், மைக் செட் எல்லாம் அவசரமாக இழுத்த ஒயரில் ஓடும் மேடையில், ஆம்பின் எர்த் அறுந்திருந்தால் கிடார்க் கம்பியில் மின்னழுத்தம் நிற்கக்கூடும். கம்பியைப் பிடித்தபடி பாட வருபவரின் உதடு மைக்கில் பட்டதும் உடல் வழியே மின்சாரம் பாயும். இது உயிரைப் பறித்திருக்கிறது. மூன்றாம் பின்னை ஒடித்து இரண்டு பின் பிளக்காக்குவது கொலைக்குச் சமம். டிஐ பாக்ஸின் சுவிட்ச் சைகை வயரின் எர்த்தை மட்டுமே பிரிக்கிறது. பிளக்கின் எர்த்தை யாரும் தொடக்கூடாது. ஆம்பும் மிக்சரும் ஒரே மின் இணைப்பிலிருந்து எடுக்கப்பட வேண்டும். 30 மில்லியாம்பியர் கசிவில் அறுந்துகொள்ளும் ஆர்சிசிபி பொருத்திய ஜங்ஷன் பாக்ஸைக் கிடார்காரர் தன் பையிலேயே வைத்திருப்பது, இன்னொரு பெடல் வாங்குவதைவிட அறிவுடைமை. வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் மின்வெட்டில் ஆம்ப் உறுமும். சைன் அலை இன்வெர்ட்டரில் அந்தத் தொல்லை இல்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் 120 வோல்ட் ஆம்ப், 230 வோல்ட்டில் செருகிய உடனே புகைந்துவிடும்.

சாரல் காலத்தில் குற்றாலக் காற்றின் ஈரம் ஜாக்கிலும் குமிழிலும் துருவேற்றி, திருப்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் போடச் செய்யும். கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் சரியாகும். திறந்த முதுகுள்ள ஆம்பில் காகிதக் கூம்பு நனையாமலிருக்க ரெக்சின் உறை கட்டாயம்.

சர்ச்சில் வாசிக்கும் அகூஸ்டிக் கிடாருக்கு ஆம்ப் தேர்வு பற்றி மேற்சொன்னவை பொருந்தா. அதன் பீசோ பிக்கப்புக்கு உச்சவொலிவரை தெளிவாகத் தரும் ஸ்பீக்கர் தேவை. எலக்ட்ரிக் ஆம்பில் அது அட்டைப் பெட்டியைத் தட்டும் ஒலியாகிவிடும். ரோலண்ட் ஏசி-33 போன்ற, பேட்டரியிலும் ஓடும் அகூஸ்டிக் ஆம்ப் ஒன்றோ, டிஐ பாக்ஸ் வழியே நேராக மிக்சரோ போதும்.

எலக்ட்ரிக் கிடாருக்கு ஒரே ஆம்ப் வாங்குபவர், 12 அங்குல ஸ்பீக்கரும் வாட் குறைக்கும் சுவிட்சும் யூஎஸ்பியும் லைன் வெளியீடும் உள்ள 40 முதல் 50 வாட் மாடலிங் ஆம்பையே எடுக்கலாம். பழைய ஆம்பாக இருந்தாலும் குறையில்லை. கடைக்குப் போகும்போது சொந்தக் கிடாரையும் சொந்த வயரையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் பெருஞ்சத்தத்தில் வாசித்துக் காட்டிய பிறகு, வீட்டில் இரவு பத்து மணிக்கு வைக்கக்கூடிய சத்தத்துக்கு இறக்கி நீங்களே வாசித்துக் கேளுங்கள்.