வளவு வீட்டு ஆச்சிக்கு

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் முழங்கால் வலி கூடாமல் இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உறையில் போட்டு உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஊரறிய எழுதக் காரணம் உண்டு. நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைப் படிப்பு என்று யாரும் கணக்கில் வைப்பதில்லை. கல்யாணப் பந்திக்குச் சமைத்தவரை மேடையில் ஏற்றிச் சால்வை போர்த்துகிறார்கள். கையில் காசில்லாத மாதத்தில் ஒரு குடும்பத்தைப் பட்டினி இல்லாமல் கரையேற்றியவருக்கு யாரும் எதுவும் போர்த்துவதில்லை. நாலு பேர் கேட்கச் சொல்ல வேண்டிய நன்றி இது. பேத்தியை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையில் உங்கள் வளவுக்கு நாங்கள் குடிவந்த கொஞ்ச நாளிலேயே என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லைப் பூட்டிவிட்டார்கள். சம்பளம் நின்றது. பலசரக்குக் கடைப் பற்றும் ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தெரிந்த சமையல் எல்லாம் காயிலிருந்து தொடங்கும் சமையல். கத்தரிக்காய் கிடைத்தால் ஒரு குழம்பு, வெண்டைக்காய் என்றால் வேறொரு குழம்பு. காய் வாங்க வழியில்லாத அன்று அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நீங்கள் உள்ளே வந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்த்தீர்கள். "ஏளா, அரிசி இருக்கு, தொலி உளுந்து இருக்கு, எள்ளு இருக்கு, புளி இருக்கு. பெறகென்ன?" என்றீர்கள்.

அன்றைக்குச் செய்தது உளுந்தஞ்சோறு. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உடைத்த கருப்பு உளுந்து. தொலியை நீக்கக் கூடாது என்று கண்டித்துச் சொன்னீர்கள். வெறும் சட்டியில் வாசம் வரும்வரை உளுந்தை வறுத்து, அரிசியோடு கழுவி, ஒரு சிட்டிகை வெந்தயமும் உரித்த பூண்டும் போட்டு, நாலு பங்கு தண்ணீரில் குழைய வேகவிட்டோம். இருந்த கால்மூடித் தேங்காயில் பாதி சோற்றுக்குப் போனது. மீதிப் பாதியை வறுத்த எள், மிளகாய் வற்றல், புளி, உப்பு சேர்த்து அம்மியில் அரைத்தோம். வெஞ்சனம் என்று அந்த எள்ளுத் துவையல் ஒன்றுதான். இவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். காய் இல்லை என்பதை அவர் கவனிக்கவே இல்லை.

அந்தச் சாப்பாட்டின் அருமை எனக்குப் பின்னால்தான் முழுதாக விளங்கியது. புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் சேர்ந்தது. அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் அது நிறைய. பருப்பில் மெத்தியோனின் குறைவு, எள்ளில் அது நிறைய. சோறும் உளுந்தும் எள்ளும் ஒரே தட்டில் விழும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டுகிறது. பூப்பெய்திய பெண்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் நம் பக்கத்தில் இதைத் தேடிச் செய்துகொடுப்பது சும்மா வந்த வழக்கமில்லை. எந்தப் பாடப்புத்தகமும் பாராமல் எத்தனையோ தலைமுறைப் பெண்கள் நாக்கையும் உடம்பையும் கவனித்துக் கண்டுபிடித்தது அது. அவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு தினமும் ஏதாவது ஒன்று. பருப்பு மலர வெந்த பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும், முந்திவிட்டால் எவ்வளவு விறகு எரித்தாலும் பருப்பு விறைத்தே நிற்கும் என்றீர்கள். புளியின் அமிலம் பருப்பு இளகுவதைத் தடுக்கிறது என்பதுதான் காரணம். அடுப்புக்குச் செலவாகும் விறகும் மளிகைச் செலவுதான் என்பதை அப்படித்தான் புரிந்துகொண்டேன். எண்ணெயைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு. இருக்கிற ஒரு கரண்டி நல்லெண்ணெயை முதலிலேயே ஊற்றி வதக்கினால் குழம்புக்குள் போய் மறைந்துவிடும். அதே கரண்டியில் கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, கட்டிப் பெருங்காயம் தாளித்துக் கடைசியில் கொட்டினால், மூடியைத் திறந்ததும் வீடே மணக்கும். பசியோடு வருகிறவருக்கு அந்த வாசமே பாதிச் சாப்பாடு.

வற்றலைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சித்திரை வெயில் ஏறியதும் வளவு முற்றம் முழுக்க உங்கள் பாய்களும் பழைய வேட்டிகளும்தான். சீனியவரைக்காயை உப்புப் போட்டு அரைவேக்காடாக அவித்துக் காயவைப்பீர்கள். சுண்டைக்காயைத் தட்டி, மோரில் ஊறவைத்து, பகலில் வெயிலிலும் இரவில் திரும்ப அதே மோரிலும் போட்டு, மோர் வற்றும்வரை அதையே செய்வீர்கள். கசப்பு மட்டுப்பட்டு உப்பும் புளிப்பும் ஏறும். மிளகாய்க்கும் அதே பாடு. மாசி, பங்குனியில் புதுப்புளி மலிவாக வரும்போது ஒரு வருடத்துக்கு வாங்கி, கொட்டையும் கோதும் நாரும் இல்லாமல் எடுத்து, கல் உப்புத் தூவிப் பானையில் அமுக்கி வைப்பீர்கள். காய் மலிந்து தெருவில் கூவி விற்கும் நாளில் வாங்கி, மழைக்காலத்தில் விலை ஏறும்போது பானையைத் திறப்பது. கார்த்திகை அடைமழையில் சந்தைக்கு யாரும் போக முடியாத அன்று, உங்கள் வீட்டில் சுண்டைவற்றல் குழம்பும் சுட்ட அப்பளமும் இருக்கும். அந்தக் குழம்புக்கு அடுத்த நாள்தான் ருசி கூடும் என்பதால் இரண்டு நாளைக்குச் சேர்த்தே வைப்பீர்கள். சிக்கனம் என்றால் அளவைக் குறைப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். நீங்கள் எதையும் குறைக்கவில்லை. ஆறு மாதம் முன்னாலேயே சமைக்கத் தொடங்கிவிட்டீர்கள்.

ரேஷன் கடைக்கும் இந்த நன்றியில் பங்கு உண்டு. அந்தக் காலத்தில் அரிசிக்குக் காசு கொடுத்து வாங்கினோம். 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்காரர்களுக்கு அது இலவசம். 2007-இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கின்றன. வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டால் இது எத்தனை குடும்பங்களின் குழம்பில் பருப்பைப் போட்டிருக்கிறது என்பது புரியும். ரேஷன் அரிசியைக் கேவலமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். நாங்கள் வாங்கியது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்தில் ஒரு பகுதி மணிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால் தீட்டிய புழுங்கல் அரிசியில் தீட்டிய பச்சரிசியைவிட அந்தச் சத்து கூடுதலாகவே நிற்கும். நீங்கள் அந்த அரிசியைக் கல் பொறுக்கி, கழுவி, அரைமணி நேரம் ஊறவிட்டு வடிப்பீர்கள். வடித்த கஞ்சியைச் சாக்கடையில் ஊற்ற விடமாட்டீர்கள். உப்புப் போட்டு வளவுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு தம்ளர். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் மோர்மிளகாயோடு இறங்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஆச்சி, ஒன்றில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நீங்கள் எல்லாருக்கும் பரிமாறி முடித்து, சட்டியை வழித்துச் சாப்பிடுவீர்கள். துவையல் தீர்ந்திருந்தால் உப்பையும் மிளகாயையும் தொட்டுக்கொள்வீர்கள். கேட்டால், "எனக்கு இது போதும்ளா" என்பீர்கள். போதாது, ஆச்சி. நீங்கள் வற்றலில் காட்டிய கெட்டிக்காரத்தனத்தால் மிச்சமானதைவிட, உங்கள் தட்டிலிருந்து மிச்சமானது அதிகமோ என்று நினைக்கும்போது எனக்கு மனது ஆறுவதில்லை. 2019–21-இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. அதற்குக் காரணங்கள் பல. கடைசிப் பந்தியில் உட்காருவதும் அதில் ஒன்று என்று எனக்கு உறுதியாகப் படுகிறது. சிக்கனத்தின் பாரம் முழுவதையும் சமைக்கிறவரின் வயிறே தாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

அதனால் உங்கள் உளுந்தஞ்சோற்றையும் துவையலையும் புளிப்பானையையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். கடைசியில் சாப்பிடும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்துதான் உட்காருகிறோம். சட்டியை நடுவில் வைத்து, இருப்பதை ஆளுக்குச் சமமாகப் போட்டுக்கொள்கிறோம். என் மகனுக்கும் உளுந்தஞ்சோறு வைக்கத் தெரியும். மருமகளுக்கு முன்னால் அவன்தான் கற்றுக்கொண்டான். சித்திரையில் மொட்டைமாடியில் சுண்டைக்காய் காயவைப்பதும் அவன் பொறுப்பு. ஒரு பொட்டலம் உங்களுக்குத் தனியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வரும்போது கொண்டுவருகிறேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கஷ்டமான காலத்தில் உங்கள் வீட்டு அடுப்பை அணையாமல் காத்தவர் ஒருவர் இருப்பார். அவர் இன்னும் இருந்தால் போய் நன்றி சொல்லுங்கள். அதோடு நில்லாமல், அவரை முதல் பந்தியில் உட்காரவைத்து நீங்கள் பரிமாறுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வளவில் குடியிருந்தவள்