இரு பாதை கண்டவர்

தொண்ணூற்றைந்து ஆண்டுகள் வாழ்ந்து, 2019-இல் மறைந்த என் கொள்ளுத்தாத்தா எங்கள் குடும்பத்தின் காவியத் தலைவர்.

1941 டிசம்பர் 23. இரங்கூன் நகரில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. அரிசி ஆலையில் மூட்டை சுமந்த அவருக்கு வயது பதினேழு. 1942-இல், இலட்சக்கணக்கான இந்தியரோடு தாயகம் நோக்கி நடந்தார். காடு, மலை, பசி, காலரா! தமூ வழியே மணிப்பூரை அடைந்தபோது, உடன் புறப்பட்ட அண்ணன் உயிரோடில்லை.

"பசி மறந்துவிட்டது, பாதை மறக்கவில்லை" என்பார். உயிர் தப்ப ஓடும் வேளையிலும் வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி! நிறம் பார்த்து வழிவிட்டது ஆட்சி.

ஊர் திரும்பினார். இங்கும் இரு பாதை! உழுது சோறளிப்போர் கால் வைக்கக்கூடாத தெரு. அத்தெருவில், சேரித் தோழரின் தோள்மீது கைபோட்டு நடந்தார். உறவினர் வெகுண்டனர், நல்லது கெட்டதுக்கு அழைப்பதையும் நிறுத்தினர். கலங்கினாரா? "மலை கடந்தவனுக்கு மாடவீதி பெரிதா?" என்று சிரித்தார்.

வீரம் எது? புலி உலவும் காட்டைக் கடந்ததா? உயிராசை எவரையும் ஓடவைக்கும். தான் பட்ட இழிவைப் பிறர் படலாகாது என்று, சொந்த உறவை எதிர்த்து நடந்தாரே, அந்த நூறு அடி! அதுவன்றோ அவருடைய நெடும்பயணம்! வகுப்பில் 1942-ஐக் கற்பிக்கும்போது, அந்தத் தெருவையும் சேர்த்தே சொல்லுகிறேன்.