டப்பாவில் இருந்த கண்ணி



இந்த வாரம் ஒரு சிறிய இரும்புத் துண்டைக் குறித்து எழுதுகிறேன். விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. சில கிராம் எடைகூட இராது. மின்சார சைக்கிளின் செயினில் இரு முனைகளையும் ஒன்றாய்ச் சேர்க்கும் கண்ணி அது. கடையில் குயிக் லிங்க் என்று கேட்டால் கொடுப்பார்கள். பழைய மெக்கானிக்குகள் செயின் லாக் என்பார்கள். அப்படி ஒன்றை நான் நம் சபையின் வாலிபர் ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

முழங்கால் வலி வந்தபின் வீடு சந்திப்புக்கு மின்சார சைக்கிளில்தான் போகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம்; இந்த வரம்புக்குள் இருப்பதால் பதிவு எண்ணும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். ஆனால் கீழ்க்கட்டளைச் சந்துகளில் மழைக்காலத்துச் சேறு செயினை விட்டுவைப்பதில்லை. ஆகவே மாதம் ஒருமுறை செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து மாட்டுவேன். கழற்றுவதற்கு அந்தக் கண்ணியை நோஸ் பிளேயரால் அழுத்தித் திறக்க வேண்டும். ஓராண்டில் எத்தனை முறை திறந்தேன் என்று எண்ணவில்லை. பிறகு செயின் தேய்ந்து நீண்டுவிட்டது; புதிய செயினோடு புதிய கண்ணியும் வந்தது. பழைய கண்ணியைத் துடைத்து ஒரு மிட்டாய் டப்பாவில் போட்டு வைத்தேன்.

எதையும் எறியாத பழக்கம் என் தகப்பனாரிடமிருந்து வந்தது. திருநெல்வேலிச் சீமையில் அவர் உபதேசியாராக இருந்தவர். நான்கு கிராமங்களுக்கு ஒரே சைக்கிள். அந்தக் காலத்துச் செயினில் கண்ணியின் மேல் மீன் வடிவத்தில் ஒரு மெல்லிய கிளிப் இருக்கும். திருப்புளியால் நெம்பினால் கழன்று வரும். மறுபடி மாட்டும்போது கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். இதை எனக்கு ஏழு வயதில் கற்றுக்கொடுத்தார். ஒரே கண்ணியை அவர் பல ஆண்டுகள் கழற்றி மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். அது அப்படிக் கழற்றி மாட்டுவதற்காகவே செய்யப்பட்டது. கிளிப் தளர்ந்தால் கிளிப்பை மட்டும் மாற்றிவிடுவார்.

நான் டப்பாவில் வைத்திருந்தது வேறு இனம். அதில் கிளிப் கிடையாது. இரண்டு தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பின், ஒரு சாவித்துவாரம் போன்ற துளை. ஒன்றின் பின் மற்றொன்றின் துளையில் அகன்ற பக்கமாக நுழைந்து, குறுகிய பக்கத்துக்கு இழுக்கப்பட்டு அங்கே இறுகி அமர்கிறது. அந்த இறுக்கம்தான் பூட்டு. வேறு பூட்டு இல்லை. திறக்கும் ஒவ்வொரு முறையும் பின்னின் பள்ளமும் துளையின் விளிம்பும் ஒன்றையொன்று உரசுகின்றன. கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகம் போகிறது. பலமுறை திறப்பதைத் தாங்கும்படி சில கண்ணிகள் செய்யப்படுகின்றன. மற்றவை ஒரே ஒரு முறைக்கு. என்னுடையது இரண்டாம் வகை. உறையில் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. உறையை வாங்கிய அன்றே எறிந்துவிட்டேன். எதையும் எறியாத நான் எறிந்தது அதை மட்டுமே!

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் உக்கிராணத்துவத்தைக் குறித்துப் பிரசங்கித்திருந்தேன். பன்னிரண்டு கூடைத் துணிக்கைகளைப் பற்றியும் பேசினேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, உணவு விநியோக வேலை செய்யும் அந்தத் தம்பி கேட் அருகே செயினைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணி உடைந்துவிட்டது. கடை மூடியிருந்தது. மதிய நேர ஆர்டர்கள்தான் அவருடைய நாளின் பெரும்பகுதி வருமானம். அவருடையதும் என்னுடையதைப் போல ஏழு கியர் வண்டி. "இரு தம்பி, என்னிடம் இருக்கிறது" என்று டப்பாவை எடுத்துவந்தேன். பிரசங்கத்துக்கு உடனே ஒரு சாட்சி கிடைத்த மகிழ்ச்சி எனக்கு.

விரலாலேயே மாட்டினேன். கருவியும் தேவைப்படவில்லை, பெடலை அழுத்தி இறுக்கவும் தேவைப்படவில்லை. அதை என் கைத்திறன் என்று எண்ணிக்கொண்டேன். உண்மையில் அதுதான் எச்சரிக்கை. இவ்வகைக் கண்ணி புதிதாயிருந்தால் விரலுக்கு முழுவதும் இணங்காது. அதைச் செயினின் மேற்பக்கம் வரும்படி நிறுத்தி, பின்பிரேக்கைப் பிடித்து, பெடலைப் பலமாக மிதித்தால்தான் 'டக்' என்று அமரும்.

நான்கு நாள் கழித்து, மாலையில், 200 அடி ரேடியல் சாலையின் மேம்பாலத்தில் ஏறும்போது அவருடைய பேட்டரி இறங்கிவிட்டது. நம் ஊரில் விற்கும் மின்சார சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு மோட்டார் பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கிறது. அது சக்கரத்தை நேராகச் சுழற்றும்; செயினுக்கு அதனால் பாரமில்லை. செயின் கழன்றாலும் திராட்டிலில் வீடு வந்து சேரலாம். அதனாலேயே பலர் செயினை மறந்துவிடுகிறார்கள். ஆனால் பேட்டரி தீர்ந்தால் இருபது கிலோவுக்கு மேற்பட்ட வண்டியும், ஏறியிருப்பவரும், முதுகில் இருக்கும் பையும் அந்த ஒரு கண்ணியில்தான் தொங்குகின்றன. அவர் எழுந்து நின்று மிதித்தார். கண்ணி திறந்தது. கால் வெறுமையில் இறங்க, இடப்பக்கம் விழுந்தார். பின்னால் வந்த வேன் நின்றுவிட்டது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு.

பார்க்கப் போனேன். "செயின் அறுந்துடுச்சு ஐயா, என் நேரம்" என்றார். அறுந்த செயினை அவருடைய நண்பர் கொண்டுவந்து வாசலில் வைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். செயின் அறுந்திருக்கவில்லை. கண்ணியின் ஒரு பாதி மட்டும் அதில் தொங்கியது. துளையின் விளிம்பு மழுங்கிப் பளபளத்தது. ஜெபித்துவிட்டு வீடு திரும்பினேன். ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. சனிக்கிழமை மறுபடி போய், அவருடைய தாயாரும் இருக்கையில், அந்தக் கண்ணி பலமுறை திறக்கப்பட்டது, ஒரே முறைக்கானது, அதை நான் விசாரிக்காமல் கொடுத்தேன் என்று சொன்னேன். தம்பி சிரித்து, "நீங்க நல்லதுக்குத்தானே குடுத்தீங்க" என்றார். தாயார் சிரிக்கவில்லை. "ஐயா, புதுசு என்ன விலை?" என்று கேட்டார். இருநூறு ரூபாய்கூட ஆகாது என்றேன். அதற்குமேல் அவர்கள் பேசவில்லை. அந்த ஆறு வார வருமானத்தை என் சம்பளத்திலிருந்து கொடுத்தேன். சபையில் சிலர் அதைத் தர்மம் என்று பேசினார்கள். கடனை அடைப்பதற்குத் தர்மம் என்று பெயரில்லை என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டேன்.

அதன்பின்தான் விசாரித்தேன். தைவானின் கேஎம்சி நிறுவனம் இரு வகையும் செய்கிறது: பெயரோடு 'ஆர்' என்று இருந்தால் மறுபடி பயன்படுத்தலாம், 'என்ஆர்' என்றால் கூடாது. ஷிமானோவின் குயிக் லிங்கும், எஸ்ராமின் பவர்லாக்கும் ஒரே முறைக்கானவை. ஜெர்மனியின் கானெக்ஸ் கருவியின்றித் திறந்து மூடுவதற்கென்றே அமைந்தது. ஆகவே விரலுக்கு இணங்குவது எல்லாக் கண்ணிக்கும் குறையல்ல. அகலமும் பொருந்த வேண்டும். எட்டு கியர் வரையிலான செயின் வெளியளவில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர், பத்து கியருக்கு 6-க்கும் குறைவு. ஒன்றின் கண்ணி மற்றதற்கு ஆகாது. பெடல் அச்சில் மோட்டார் உள்ள வண்டி என்றால் காலின் பலமும் மோட்டாரின் பலமும் சேர்ந்து செயின் வழியாகவே போகின்றன. அங்கே பழைய கண்ணிக்கு இடமே இல்லை. புதிய செயினுக்குத் தேய்ந்த கண்ணியைப் போடுவதும் தவறு. மறுபயன்பாட்டுக்கு ஏற்றது என்று எழுதியிருந்தாலும், எளிதாகத் திறக்கத் தொடங்கிய நாளில் அதை விட்டுவிட வேண்டும்.

இதெல்லாம் நான் டப்பாவைத் திறக்குமுன் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டிருக்கக் கூடியவை.

டப்பா இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது. அதில் இப்போது உறை பிரிக்காத இரண்டு கண்ணிகள் உள்ளன. போன வாரம் அந்தத் தம்பி தம்மோடு வேலை செய்யும் ஒருவரை அழைத்து வந்தார். அவருடைய செயினும் பிரிந்திருந்தது. டப்பாவை நீட்டினேன். தம்பி உறையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, மேலே அச்சிட்டிருந்ததை நிதானமாக வாசித்தார். பிறகு தாமே கிழித்து எடுத்து மாட்டி, பின்பிரேக்கை அழுத்திக்கொண்டு பெடலில் ஏறி நின்றார். இடது கையை மட்டும் இன்னும் கொஞ்சம் பார்த்துத்தான் ஊன்றுகிறார்.