லட்டு, ஜிலேபி... நான்!

'கினி பிக்' என்றதும் சேற்றில் புரளும் சமாச்சாரத்தைக் கற்பனை செய்துகொள்ளும் நண்பர்களுக்கு முதலில் ஒரு வணக்கம். அது பன்றியும் இல்லை, கினி நாட்டிலிருந்து வந்ததும் இல்லை. தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைப்பக்கம், பெரு நாட்டுச் சமையலறைகளில் கறிக்காகப் பல ஆயிரம் வருஷமாக வளர்த்து வரும் பிராணி. அங்கே அதற்குப் பேரே 'குய்'. பசித்தால் அது போடும் சத்தமும் அதேதான். "குய்ய்ய்... குய்ய்ய்!"

எங்கள் மாடியில் குடியிருந்த பேங்க் மாமாவுக்கு ஜனவரியில் திடீரென்று நாக்பூருக்கு டிரான்ஸ்ஃபர். சாமான் எல்லாம் லாரியில் ஏறியாச்சு. ஏறாதது ஒரு கூண்டும் அதற்குள் இருந்த இரண்டு உருண்டைகளும்தான். பழுப்பும் வெள்ளையுமாக வழவழவென்று இருந்தது லட்டு. உடம்பெல்லாம் சுழி சுழியாக முடி நிமிர்ந்து நின்றது ஜிலேபி. பேர் வைத்தது அந்த வீட்டுக் குழந்தைகள், ஒரு பையன், ஒரு பெண். போகும்போது அந்தச் சின்னப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, பத்திரமா பாத்துப்பீங்கல்ல?" என்றது. நானும் பெரிய மனுஷன் மாதிரி, "நான் இருக்கேன்ல" என்றேன்.

வீட்டில் வரவேற்பு எப்படி என்கிறீர்களா? அப்பா, "பெருச்சாளிய நடு ஹால்ல வச்சு வளர்க்கிறதுக்கா உன்ன டிப்ளமா படிக்க வைக்கிறேன்?" என்றார். அம்மா, "பிள்ளையார் வாகனமா நெனச்சுக்குங்க" என்று சமாதானம் செய்தாள். அப்பாயி மட்டும் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜிலேபியை உற்றுப் பார்த்துவிட்டு, "மாட்டுக்குத்தான் சுழி பாத்து வாங்குவாங்க. இதுக்கு உடம்பே சுழியா இருக்கே!" என்றது.

முதல் வேலையாகப் புதுக் கூண்டு செய்தேன். ஃபர்ஸ்ட் இயர் கார்பென்டரி ஒர்க்ஷாப்பில் டவ்டெயில் ஜாயின்ட் போட்டுக் கையைக் கிழித்துக்கொண்டது வீண் போகவில்லை. ஆனால் 'சுத்தம் செய்ய ஈஸியா இருக்கும்' என்று தரைக்கு வெல்டு மெஷ் அடித்தேனே, அங்கேதான் என் இன்ஜினியரிங் மூளை சறுக்கியது. ஒரே வாரத்தில் இரண்டுக்கும் பாதம் சிவந்துவிட்டது. அதற்குப் பாதத்தில் முடி கிடையாது, கம்பியில் நின்றால் புண்ணாகிவிடும். மெஷ்ஷைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பலகை அடித்து, மேலே சாக்கும் வைக்கோலும் போட்டேன்.

அடுத்து, நட்பு! நான் கூண்டுக்குள் கையை விட்டால் போதும், இரண்டும் மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு கல் மாதிரி அசையாமல் நிற்கும். துரத்திப் பிடித்துத் தூக்கி மடியில் வைத்தால் உடம்பெல்லாம் படபடக்கும். 'என்னடா இது, இவ்வளவு செய்றேன், ஒரு நன்றி இல்லையே' என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அப்பாயியிடம் மட்டும் பத்தே நாளில் ஒட்டிக்கொண்டன. அப்பாயி ஒன்றும் செய்யவில்லை. கூண்டுப் பக்கத்தில் காலை நீட்டிக் கீரை ஆயும். காம்பைக் கூண்டு வாசலில் போடும். அவ்வளவுதான்.

"அப்பாயி, எப்படி உங்கிட்ட மட்டும் வருது?"

"நீ பருந்து மாதிரி மேலேருந்து கைய விடுற. அதுக்கு உசுரு போகாதா? சும்மா ஒக்காருடா."

உட்கார்ந்தேன். மாலையில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கூண்டைத் திறந்துவைத்துத் தரையில் உட்கார்ந்துவிடுவேன். உள்ளங்கையில் கொத்தமல்லிக் கட்டு. முதல் நாலு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் லட்டு வந்து ஒரு காம்பை இழுத்துக்கொண்டு ஓடியது. ஒரு மாதத்தில் என் முட்டியில் முன்காலை வைத்து நிற்கும். தாடைக்குக் கீழே தடவினால் 'டுர்ர்' என்று பூனை மாதிரி ஒரு சத்தம் வரும். சந்தோஷம் தாங்கவில்லை என்றால் நின்ற இடத்திலேயே கடாயில் பொரி துள்ளுவது போலத் துள்ளும். ஃப்ரிட்ஜ் கதவு சத்தம் கேட்டால் போதும், இரண்டும் கோரஸ். அப்பாகூட ஆபீஸ் விட்டு வந்ததும், "அதுக சாப்பிட்டுச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ('பெருச்சாளி' போய் 'அதுக' ஆனதைக் கவனிக்கவும்!)

இனி எழுதப் போவதை எழுதாமலே விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

ஏப்ரல். திருச்சி வெயில் நூறு டிகிரியைத் தாண்டியிருந்தது. சமயபுரம் சித்திரைத் தேருக்கு ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து வீடு நிறைந்துவிட்டது. ஹாலில் கால் வைக்க இடமில்லை. சின்னப் பிள்ளைகள் வேறு கூண்டுக்குள் விரலை விட்டுக்கொண்டே இருந்தன. 'ஒரு நாள்தானே' என்று கூண்டைத் தூக்கி மொட்டை மாடி ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டில் வைத்தேன். நிழல்தானே? தண்ணீரும் வைத்திருந்தேன். வீட்டில் எல்லோரும் தேருக்குப் போய்விட்டார்கள். நான் நண்பன் ரூமுக்குக் கம்பைன் ஸ்டடிக்குப் போனேன்.

என்ன பேப்பர் தெரியுமா? தெர்மல் இன்ஜினியரிங்! கண்டக்ஷன், கன்வெக்ஷன், ரேடியேஷன் மூன்றுக்கும் டெஃபனிஷனை அன்று காலையில்தான் மூச்சு விடாமல் ஒப்பித்திருந்தேன். காய்ந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை நிழல் தராது, அடுப்பு மாதிரி கீழே வெப்பத்தைக் கொட்டும் என்பது பரீட்சைக்கு எழுதத் தெரிந்த எனக்கு, ஷெட்டுக்குக் கீழே நிற்கும்போது தோன்றவில்லை. கினி பிக்குக்கு வியர்க்காது. நாய் மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கிச் சூட்டை இறக்கவும் அதற்கு வராது. குளிர்ந்த மலைநாட்டுப் பிராணி.

மூன்று மணிக்கு வந்து பார்த்தபோது லட்டு பக்கவாட்டில் நீட்டிக் கிடந்தது. வாயெல்லாம் ஈரம். ஜிலேபி தண்ணீர்ச் சட்டியை அணைத்தபடி ஒட்டிக் கிடந்தது. இரண்டையும் கீழே தூக்கி வந்து ஈரத்துணியால் துடைத்தேன். ஜிலேபி தலையைத் தூக்கியது. லட்டு என் மடியில் இரண்டு தடவை காலை உதைத்தது. பிறகு ஒன்றுமில்லை.

தேர் பார்த்துவிட்டு வந்த அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் வாழை மரத்தடியில் குழி வெட்டினார்.

மறுநாள் ஜிலேபி எதையும் தொடவில்லை. மூலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். வரிசையில் ஆடு, மாடு, கோழிக்கு நடுவில் நான் அட்டைப்பெட்டியோடு! ஒருத்தர் எட்டிப்பார்த்து, "முயலா தம்பி?" என்றார். அங்கே இருந்த டாக்டர் அம்மா பொறுமையாகப் பார்த்தார்.

"தம்பி, இது ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னா குடல் நின்னு போயிடும். ராத்திரியும் விடாம மூணு மணிக்கு ஒரு தடவை ஊட்டு. நீயா மருந்துக்கடையில ஆன்டிபயாடிக் வாங்கிக் குடுத்துடாதே. அமாக்சிசிலின் மாதிரி பென்சிலின் வகை இதுக்கு விஷம்."

விட்டமின் சி பற்றியும் அவர்தான் சொன்னார். ஆடு, மாடு, நாய், பூனை எல்லாம் அதைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்ளும். நம்மாலும் கினி பிக்காலும் முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். அதனால்தான் 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் வெறும் தானியத்தைக் கொடுத்து இதற்கு ஸ்கர்வி வர வைத்துக் காட்டினார்கள். மாலுமிகளைக் கொன்ற அந்த நோய் சாப்பாட்டுக் குறையால் வருவதுதான் என்பது தெளிவாக இந்தப் பிராணிதான் உதவியது. ஏதோ ஒரு வகையில் நமக்குப் பங்காளி!

அம்மா மிக்ஸியைத் தர முதலில் தயங்கினாள். பிறகு அவளே அறுகம்புல்லைக் கழுவி அரைத்துக் கொடுத்தாள். ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, வாயோரமாக, சொட்டுச் சொட்டாக ஊட்டினேன். புரையேறிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சொட்டுக்கும் பயம். ராத்திரி பன்னிரண்டு, மூணு, ஆறு. நடுவில் ஒரு நாள் தெர்மல் பரீட்சையும் எழுதினேன். (ரிசல்ட் பற்றித் தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம்.) நாலாம் நாள் விடிகாலையில் சிரிஞ்சைத் தள்ளிவிட்டு, என் விரலிடுக்கில் இருந்த கொத்தமல்லி இலையை அதுவாகவே கடித்தது. எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாவை எழுப்பிச் சொன்னேன்.

டாக்டர் அம்மா கடைசியாகச் சொன்னது: "இது கூட்டமா வாழுற ஜாதி. தனியா வைக்காதே." சுவிட்சர்லாந்தில் 2008-லிருந்து ஒற்றைக் கினி பிக் வளர்க்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறதாம்! கடையிலிருந்து கறுப்பு நிறத்தில் ஒரு குட்டி வாங்கினேன். 'பெண்தான்' என்று கடைக்காரர் சொன்னதை நம்பாமல் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்டேன். ஜிலேபியும் பெண். இல்லையென்றால் வீடு தாங்காது. இரண்டு வாரம் தனிப்பெட்டி. அப்புறம் நடுவில் மெஷ் வைத்துப் பக்கத்துப் பக்கத்தில். (பிடுங்கி எறிந்த மெஷ் உதவியது.) கடைசியில் ஹால் தரையில் நேருக்கு நேர். ஜிலேபி இடுப்பை ஆட்டி ஆட்டி 'டர்ர்' என்று ஒரு சுற்று வந்து பல்லைக் கடித்தது. "மாமியா தோரணையப் பாரு!" என்றது அப்பாயி. சாயங்காலம் இரண்டும் ஒரே சாக்கில் படுத்திருந்தன.

இப்போது ஷெட் பக்கமே போவதில்லை. மத்தியானம் கூண்டின் மேல் ஈரச்சாக்குப் போடுவது அப்பாவின் டியூட்டி. தண்ணீரை உறைய வைத்த பாட்டிலைத் துணியில் சுற்றி உள்ளே வைப்பது என் டியூட்டி.

நாக்பூரிலிருந்து மாதம் ஒரு தடவை போன் வரும். "லட்டு என்ன பண்ணுது?" "தூங்குதும்மா." அடுத்த மாதமும் "தூங்குது." மூன்றாவது மாதம் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஷெட், தேர், கம்பைன் ஸ்டடி எல்லாம். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்தச் சின்னக் குரல், "அப்போ ஜிலேபி தனியாவா இருக்கு?" என்றது.

"இல்லம்மா, கூட ஒருத்தி வந்திருக்கா. கறுப்பா, குட்டியா."

"அதுக்குப் பேரு வச்சாச்சா?"

"இன்னும் வைக்கலை."

"நீங்க வைக்காதீங்க. நானும் அண்ணனும் யோசிச்சுச் சொல்றோம்" என்று போனை வைத்துவிட்டது. இன்னும் பேர் வந்து சேரவில்லை. அதுவரைக்கும் அப்பாயி அதை, "ஏ... இந்தாடி!" என்றுதான் கூப்பிடுகிறது. அதுவும் வருகிறது.