அரக்குத் தோல்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் பழம்பொருள் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் கடையின் முன்பகுதியோடு நின்றுவிடுகிறார்கள். ரவிவர்மா அச்சுப் படங்கள், சுவீடனிலிருந்து கப்பலில் வந்த எனாமல் தூக்குகள், பழைய கிராமபோன்கள், பர்மா தேக்கு மேசைகள் எல்லாம் அங்கே பளபளவென்று அடுக்கியிருக்கும். அந்தப் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக் கொல்லைப்புறம் போக வேண்டும். தகரக் கொட்டகை, மூக்கில் ஏறும் ஸ்பிரிட் வாடை, தரையெங்கும் தேய்ந்த உப்புத்தாள். மரச்சாமான்களைச் சீர்செய்யும் நண்பர் ஒருவர் கூட்டிப்போனதால் எனக்கு அந்தக் கொல்லைக் கதவு திறந்தது.

உள்ளே ஒரு பாலிஷ் மேஸ்திரி. அறுபது வயதைத் தாண்டியவர். முன்னால் ஓர் எழுத்து மேசை. அதன் பலகையில் வெள்ளையாக ஒரு வட்டம், கறுப்பாக ஒரு வட்டம்.

"வெள்ளை மேல கெடக்கு, கறுப்பு உள்ள எறங்கிருச்சு. இது தெரிஞ்சாப் போதும் தம்பி, பாதி வேலை முடிஞ்ச மாதிரி" என்றார்.

பழைய சாமான்களின் மெருகு அரக்கால் ஆனது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசினால் ஸ்பிரிட் பறந்துபோய், மெல்லிய படலம் மட்டும் மரத்தின் மேல் தோல் போலத் தங்கும். சூடான டம்ளரை வைத்தால் அந்தத் தோல் இளகி, ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளுத்துவிடுகிறது. வெள்ளை வட்டம் அப்படி வந்ததுதான். மரத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மேஸ்திரி துணியை ஸ்பிரிட்டில் தொட்டு, உள்ளங்கையில் தட்டி ஈரத்தைக் குறைத்து, வட்டத்தின் மேல் பட்டும் படாமலும் வீசித் துடைத்தார். நாலைந்து வீச்சில் வெள்ளை மறைந்துபோனது. ஸ்பிரிட் கொஞ்சம் கூடியிருந்தால் அரக்கே வழித்துக்கொண்டு வந்திருக்கும்.

கறுப்பு வட்டம் வேறு கதை. ஈரமான இரும்புச் சாமான் ஏதோ அங்கே நெடுநாள் இருந்திருக்கிறது. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் கூடினால் கறுப்பு பிறக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்குத் தெரிந்த அதே சங்கதி. இதைத் துடைத்து எடுக்க முடியாது. அந்த இடத்து அரக்கை நீக்கிவிட்டு, ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவ வேண்டும். அது மரத்தில் பிடித்திருக்கும் இரும்பை நீரில் கரைகிற உப்பாக மாற்றிவிடும். பிறகு நல்ல தண்ணீரால் பலமுறை துடைத்து, காயவிட்டு, மறுபடி அரக்கு ஏற்ற வேண்டும். அமிலம் விஷம். கையுறை இல்லாமல் தொடக் கூடாதது. கொட்டகையில் கையுறை எதுவும் கண்ணில் படவில்லை.

வீட்டில் கறை பட்டால் நம் கை முதலில் எலுமிச்சம்பழத்துக்குப் போகிறது. பித்தளைக் குமிழுக்கும் கீலுக்கும் புளியோ எலுமிச்சையோ சரி. அதையே பளிங்குப் பலகையில் தேய்த்தால் கல்லே அரிக்கப்படும். பளிங்கு சுண்ணாம்பு இனத்தைச் சேர்ந்தது. புளிப்பு பட்டால் பொங்கிக் கரையும். அப்படி மங்கிய இடத்தைக் கழுவிச் சரிசெய்ய முடியாது, கல்லையே மறுபடி தேய்த்து மெருகேற்ற வேண்டும். மெத்தைத் துணியில் மஞ்சள் கறை பட்டதும் சோப்பைப் போடுகிறோம், கறை சிவந்துபோகிறது. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு வரும் என்பது ஆரத்தி கரைக்கும் எந்த வீட்டுக்கும் தெரியும். சோப்பின் காரமும் அதையேதான் செய்கிறது. அலசிவிட்டு வெயிலில் போட்டால் மஞ்சள் தானே வெளுக்கும். பின்னல் அறுபடாமல் தொய்ந்துபோன பிரம்பு நாற்காலியைத் தூக்கி எறிகிறவர்களும் இருக்கிறார்கள். அதைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் வெந்நீரால் நன்றாக நனைத்து, நிழலில் காயவிட்டால் பின்னல் தானாக இழுத்துக்கொள்ளும்.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டே மேஸ்திரி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தார். உள்ளே பழுப்பேறிய ஒரு துணிப்பந்து. அவருடைய தொழில் முழுவதும் அதில் இருக்கிறது. நடுவில் பஞ்சு, மேலே பலமுறை துவைத்து நைந்த வேட்டித் துணி. புதுத் துணியில் நூல் பிசிறு வரும் என்பதால் அது ஆகாது. அரக்கைப் பஞ்சுக்குள் ஊற்றி, துணியை முறுக்கிப் பிடித்து, கசிகிற அளவுக்கு மட்டும் பலகையில் ஓட்டுகிறார். வட்டம் வட்டமாக, பிறகு எட்டுப் போட்டு, கடைசியில் மரத்தின் ரேகையோடு நேராக. பந்து வழுக்கிச் செல்ல ஒரு சொட்டு எண்ணெய். ஓடுகிற பந்து பலகையின் மேல் ஒரு நொடியும் நிற்கக் கூடாது. நின்றால் ஒட்டிக்கொண்டு, அதுவரை ஏறிய பூச்சையும் பிய்த்துவிடும். பலகையின் ஓரத்தில் தொடங்கி ஓரத்தில் வெளியேற வேண்டும். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது, அதன் மேல் அடுத்தது. ஒவ்வொரு புதுப் பூச்சும் பழையதைக் கொஞ்சம் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். பிற்காலத்தில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடிவதும் இதனால்தான். வேலை முடிந்ததும் பந்து காய்ந்துவிடாமல் பாட்டிலுக்குள் போய்விடும்.

மேஸ்திரி சிறுவனாக இருந்தபோது தாய்மாமன் அவர் கையில் இந்தப் பந்தைக் கொடுத்திருக்கிறார். அதற்கு முன் நெடுங்காலம் உப்புத்தாள் தேய்த்தது மட்டும்தான் வேலை. செட்டிநாட்டு வீடுகளில் கல்யாணம் வந்தால் முகப்பு, பட்டாலை, வளவுத் தூண்கள் என்று மாதக்கணக்கில் வேலை நடந்த காலம் அது. சாப்பாடு அங்கேயே, இரவுப் படுக்கை திண்ணையில். "ஆச்சி வந்து கதவுல மொகம் தெரியுதான்னு பாப்பாங்க. தெரிஞ்சாத்தான் கூலி" என்று சிரித்தார். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வேலை கிடையாது. காற்றில் ஈரம் இருந்தால் பூசும்போதே அரக்கு வெளுக்கும். இப்போதும் அந்த மாதங்களில் அவருக்கு வருமானம் இல்லை.

அவர் விரல் நுனிகள் அரக்கேறிக் கறுத்திருந்தன. அதைப் போக்கவும் ஸ்பிரிட்தான். ஸ்பிரிட் பட்டுப் பட்டுத் தோல் வறண்டு வெடித்து, ரேகை தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை எந்திரம் அவரை அடையாளம் காண்பதில்லை, மகளைத்தான் அனுப்புகிறார்.

அந்த அரக்கு வரும் வழியும் நீளமானது. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் புரசு, இலந்தை, குசும் மரக் கிளைகளில் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசின் அது. கிளையிலிருந்து சுரண்டி, கழுவி, உருக்கி, தகடாக இழுத்து உடைத்தால் செதில் அரக்கு. பெரும்பாலும் பழங்குடி மக்களின் உழைப்பு. ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் 1924-லேயே இதற்காக ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். முன்பக்கக் கடையில் விற்கிற 78 சுற்று இசைத்தட்டுகளும் அரக்கு கலந்து செய்தவைதான்.

ஸ்பிரிட் கிடைப்பது இன்னொரு பாடு. சென்னை மாகாணம் முழுவதும் 1948-இல் மதுவிலக்கு வந்தபின் வார்னிஷையும் பாலிஷையும் குடித்துப் பார்வை இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் உண்டு. 1959-இல் வந்த அரசு விதிகளின் தலைப்பிலேயே ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹாலோடு பிரெஞ்ச் பாலிஷும் இடம்பெற்றிருக்கிறது. கட்டுப்பாடு அவசியம்தான். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆனால் உரிமம் வாங்கி ஸ்பிரிட் எடுக்க முதலாளியால் முடியும், தினக்கூலி மேஸ்திரியால் முடியாது. தொழிலின் மூலப்பொருளே முதலாளி கையில் இருக்கும்போது கூலி பேசும் துணிச்சல் எங்கிருந்து வரும்?

இந்தச் சாமான்கள் சந்தைக்கு வந்த கதையிலும் உழைத்தவனுக்குப் பங்கில்லை. 1930-களின் கடைசியில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம், செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய நாட்டுக்கோட்டை நகரத்தார் வசம் இருந்தது. 1942-இல் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தார்கள். பர்மா விடுதலை அடைந்தபின் நிலங்கள் அரசுடைமையாயின. இங்கே அரண்மனை போன்ற வீடுகள் மட்டும் மிஞ்சி, பங்காளிகள் பெருகி, பராமரிக்க ஆளில்லாமல் ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டன. தரகர் வந்து கதவு, தூண், அலமாரி என்று மொத்தமாக விலை பேசுவார். விற்கிற குடும்பத்துக்கு அதன் மதிப்பு தெரியாது. மேசைக்கு மறுவாழ்வு கொடுக்கிற மேஸ்திரிக்கு அது என்ன விலைக்குப் போகிறது என்று யாரும் சொல்வதில்லை. நடுவில் நிற்கிறவருக்கு இரண்டும் தெரியும். அந்த மேசை பெருநகர விடுதியின் வரவேற்பறைக்குப் போகும்போது அதோடு பழமை போகிறது, தேக்கு போகிறது, செட்டிநாடு என்ற பெயர் போகிறது. அதை மீட்ட கைக்கு அன்றைய கூலி மட்டும். இது கொடுமை. வியாபாரம் என்ற பெயரில் இதை நியாயப்படுத்த முடியாது.

இப்போது கூலியும் குறைந்துகொண்டே வருகிறது. அரக்கு ஏற நாட்கள் ஆகும். பியூ எனப்படும் பாலியூரித்தேன், மெலமைன் பூச்சுகளைத் தெளிப்பானால் அடித்துச் சீக்கிரம் முடித்துவிடலாம். அவை சூட்டையும் தண்ணீரையும் நன்றாகவே தாங்கும். தினமும் சாப்பாடு பரிமாறும் புது மேசைக்கு அவற்றைத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நூறாண்டு மரத்தின் பழைய அரக்கை ரசாயனத்தால் உரித்து, எந்திரத்தால் தேய்த்து, மேலே அடித்துவிட்டால் காலம் ஏற்றிய நிறம் அதோடு போய்விடும். அதற்குப் பிறகு ஆழமாக ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் கரைத்துச் சரிசெய்யவும் வழியில்லை; பெரும்பாலும் பலகை முழுவதையும் மறுபடி உரிக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் தாத்தா காலத்து மேசையோ நாற்காலியோ இருந்தால், கடைக்காரரை அழைக்கும் முன் ஒன்று செய்யுங்கள். அதன் அடிப்பக்கத்தில், வெளியே தெரியாத இடத்தில், பஞ்சில் ஒரு சொட்டு ஸ்பிரிட்டைத் தொட்டு வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது அரக்குப் பூச்சு, உரிக்கச் சம்மதிக்காதீர்கள். உங்கள் ஊரில் கைப் பாலிஷ் போடுகிற மேஸ்திரி யார் என்று பழைய தச்சர்களிடம் விசாரியுங்கள். அவரை நேராக வீட்டுக்கு அழையுங்கள், கூலியை அவரிடமே பேசி அவர் கையிலேயே கொடுங்கள்.