கிரியேற்றினும் ஒரு தாயின் கலக்கமும்

தசைக்கு வலுவூட்டும் தூள் என்றதும் ஊக்கமருந்தென்றே பலர் எண்ணிக்கொள்கின்றனர். கிரியேற்றின் அத்தகையதன்று. 1832இல் பிரெஞ்சு இரசாயனவியலாளர் செவ்ரோல் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. நமது உடலும் அதனை ஆக்குகிறது. பெரும்பகுதி தசைகளிலேயே தங்குகிறது. பாரம் தூக்கும்போதும் விரைந்தோடும்போதும் முதற்சில வினாடிகளில் செலவாகும் சக்தியை உடனே மீட்டளிப்பது அதன் பணி. நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் வரை உட்கொண்டுவந்தால் தசையில் அதன் இருப்பு மெல்லக் கூடும். பாரத்தை இன்னும் ஓரிரு தடவை தூக்க இயலும். அந்த மேலதிக உழைப்பே தசையை வளர்க்கிறது. பயிற்சி செய்யாதவருக்குத் தூளால் பெரும்பயன் இல்லை.

அண்மையில் எனது உறவினர் ஒருவரின் மகனுடைய இரத்தப் பரிசோதனையில் கிரியேற்றினின் அளவு சற்றுக் கூடியிருந்தது. சிறுநீரகம் பழுதாகிவிட்டதெனத் தாயார் கலங்கிப்போனார். உடலில் கிரியேற்றின் சிதைந்து கிரியேற்றினினாகவே வெளியேறுகிறது; தூளை உண்பவரிடம் அது சிறிது உயர்ந்து காணப்படலாம். பையனோ தூள் உண்பதை வீட்டிலும் வைத்தியரிடமும் மறைத்திருந்தான். துருவிக் கேட்டறிந்த வைத்தியர், தூளை நிறுத்தச்சொல்லி, வேறு பரிசோதனைகளும் செய்வித்த பின்னரே சிறுநீரகம் நலமென்றார்.

தாயாரின் அச்சத்தில் வியப்பில்லை. இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் எத்தனையோ விவசாயக் குடும்பங்களைச் சிறுநீரக நோய் நிலைகுலைத்திருக்கிறது. ஆகவே இளைஞர்கள் தாம் உண்பதை வைத்தியரிடம் ஒளிக்கலாகாது. சிறுநீரக நோயுள்ளோர் அவரைக் கேளாமல் இத்தூளைத் தொடவே வேண்டாம்.